நான்கு ஆமைகளும் ஒரு நாணயமும்

1989ஆம் ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனம் ஒரு விளையாட்டுப் பெட்டியைச் சந்தைக்கு அனுப்பியது. ஆளுயரப் பெட்டி; அதன் முகப்பில் ஒரு வண்ணத்திரை; திரையின் கீழே நால்வர் தோளோடு தோள் உரசி நின்று ஆடுவதற்கான நான்கு கைப்பிடிகள்; அவற்றுக்கும் கீழே நாணயம் போடும் துளைகள். திரையில் நான்கு ஆமைகள் வாளும் கோலும் ஏந்திப் பகைவரோடு பொருதும். ஆடுபவரின் கை தளர்ந்தால் ஆமை விழும். ‘தொடர வேண்டுமா?’ என்று திரை கேட்கும். எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும். அவை தீர்வதற்குள் இன்னொரு நாணயம் போட்டால் விழுந்த ஆமை எழுந்து நிற்கும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த ஆமைகள் ஓயவில்லை. பழைய விளையாட்டுகள் பதின்மூன்றைத் திரட்டிய தொகுப்பு ஒன்று 2022இல் புதிய கருவிகளுக்காக வெளிவந்தது. அதே ஆண்டில், பழைய பாணியை விடாமல் புதிதாக ஆக்கப்பட்ட இன்னொரு விளையாட்டும் வந்தது. அடுத்த ஆண்டு அது கைப்பேசியையும் எட்டியது. ஆகவே சென்னையில் வளரும் சிறுவனைப் போலவே, போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்த ஸ்ரீ விஜயபுரத்தில் வளரும் சிறுமியும், கண்பட்டையின் நிறத்தைப் பார்த்தே எந்த ஆமை எதுவென்று சொல்லிவிடக்கூடும்.

ஆனால் அச்சிறுமி வாழும் தீவுக்கூட்டத்துக்கென்றே நான்கு ஆமைகள் உண்டு. அந்தமான் நிக்கோபார் கரைகளில் முட்டையிட வரும் கடலாமைகள் நான்கு இனத்தவை. திரையில் ஆடும் நால்வரின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இந்நால்வரை அறிவர்? இவ்விரு கூட்டத்தையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாணயம் உருள்கிறது. வங்கி இதழின் வாசகர்களுக்கு அது அயலான பொருள் அன்று.

கடனில் பிறந்த வீரர்கள்

இந்த ஆமைகள் முதலில் விளையாட்டில் பிறந்தவை அல்ல. 1983ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூரான டோவரில், கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்னும் இரு இளம் ஓவியர்கள் வேடிக்கையாக ஒரு படம் வரைந்தார்கள்: முகமூடி அணிந்து ஆயுதம் ஏந்திய ஓர் ஆமை. உலகிலேயே மெதுவாக நடக்கும் உயிரை உலகிலேயே விரைவாகப் பாயும் போர்வீரனாக்கிப் பார்த்த முரணே அவர்களைச் சிரிக்க வைத்தது. ஒன்று நான்காயிற்று. நால்வருக்கும் லியோனார்டோ, மைக்கேலாஞ்சலோ, டொனாட்டெல்லோ, ரஃபேல் என இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

நூலாக வெளியிடப் பணம் வேண்டுமே? திரும்பக் கிடைத்த வருமான வரித்தொகையும் ஈஸ்ட்மனின் நெருங்கிய உறவினர் ஒருவர் கொடுத்த சிறு கடனுமே முதலாயின. தங்கள் நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மிராஜ்’, அதாவது கானல். அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள ஓர் அறைகூட இல்லாததால் இட்ட பெயர் அது. 1984 மே மாதம் கறுப்பு வெள்ளையில் சுமார் 3,000 பிரதிகள் அச்சாயின. விரைவில் விற்றும் தீர்ந்தன.

அடுத்தடுத்த படிகள் வேகமாக நிகழ்ந்தன. 1987 டிசம்பரில் ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்’ என்ற பெயரில் கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சிக்கு வந்து 1996 வரை ஓடியது. பொம்மை, உடை, புத்தகப்பை, திரைப்படம் என்று ஆமைகள் ஏறாத பொருள் இல்லை என்றாயிற்று. 2009ஆம் ஆண்டு இக்கதையின் உரிமையை வயாகாம் குழுமம் 6 கோடி டாலருக்கு வாங்கியது. வரித்தொகையையும் உறவினர் கடனையும் முதலாக இட்டு இருவர் தொடங்கிய கானல் அது. சிறுதொழிலுக்குக் கடன் கேட்டு நம் கிளைகளின் படியேறும் இளைஞர்களுக்கு இதைச் சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருந்த கணக்கு

கார்ட்டூனின் புகழ் உச்சத்தில் இருந்தபோது வந்ததே கொனாமியின் விளையாட்டு. கதை எளியது. ஷ்ரெட்டர் என்னும் கொடியவன் செய்தியாளர் ஏப்ரல் ஓ’நீலையும், ஆமைகளின் குருவான ஸ்ப்ளின்டர் என்னும் எலியையும் சிறைப்பிடிக்கிறான். எரியும் வீட்டில் தொடங்கி, தெருக்கள், சாக்கடைச் சுரங்கம், நெடுஞ்சாலை என்று படிப்படியாக முன்னேறி அவன் கோட்டைக்குள் புகுந்து அவர்களை மீட்கவேண்டும். வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே வருவோரை வீழ்த்துவதுதான் ஆட்டம். லியோனார்டோவுக்கு நீலப் பட்டை, இரட்டை வாள். ரஃபேலுக்குச் சிவப்புப் பட்டை, மும்முனைக் குத்துவாள். மைக்கேலாஞ்சலோவுக்கு ஆரஞ்சுப் பட்டை, சங்கிலியால் இணைத்த இரு தடிகள். ஊதாப் பட்டை அணிந்த டொனாட்டெல்லோவின் நெடுங்கோல் நம் சிலம்பக் கோலை நினைவூட்டும். தொலைவில் நிற்கும் பகைவனையும் எட்டும் என்பதால் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அவனையே நாடினர். சோர்ந்த ஆமைக்குப் பீட்சா தின்றால் வலிமை மீளும்.

இவ்வகைப் பெட்டிகள் ஒரு வணிகக் கணக்கின்மேல் எழுந்தவை. பெட்டியை வாங்கியவருக்கு அதன் விலையை மீட்பது ஒவ்வொரு நாணயமாகத்தான் இயலும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் 25 சென்ட் நாணயம். ஆட்டம் மிக எளிதாக இருந்தால் ஒரே நாணயத்தில் ஒருவர் நெடுநேரம் நின்றுவிடுவார். மிகக் கடினமாக இருந்தால் இரண்டாம் முறை எவரும் வரமாட்டார். இவ்விரண்டுக்கும் நடுவே, ‘இன்னும் ஒரு முறை ஆடினால் வென்றுவிடுவேன்’ என்ற எண்ணம் அணையாத ஒரு புள்ளியில் ஆட்டத்தை நிறுத்துவதே வடிவமைப்பாளரின் கலை. ஒரு நாணயத்துக்கு எத்தனை உயிர், பகைவர் எவ்வளவு கடுமை என்பவற்றை உரிமையாளர் மாற்றியமைக்கப் பெட்டியினுள் சிறு விசைகளும் இருந்தன. நால்வர் ஒருங்கே ஆடும் பெட்டியில் வருவாயும் நான்கு துளைகளின் வழியே வரும்.

ஆயினும் அந்தக் கணக்கில் ஓர் ஒளிவுமறைவின்மை இருந்தது. நாணயம் கையில் இருந்தது. துளையில் விழும் ஓசை காதில் கேட்டது. பை காலியானால் ஆட்டம் முடிந்தது. தமிழகத்துச் சிறுவர் பலருக்கு இவ்வகை விளையாட்டு பெரும் பெட்டியாக வந்ததில்லை. 1990களில் தெருமுனைக் கடைகளில் தொலைக்காட்சியோடு இணைத்துக் கேசட் செருகி ஆடும் கருவியாகவே வந்தது. மணிக்கு இவ்வளவு ரூபாய் என்பது கட்டணம். நேரம் முடிந்தால் கடைக்காரர் எழுப்பிவிடுவார். அங்கும் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் கொடுத்த காசு எவ்வளவு, ஆடியது எவ்வளவு, மிட்டாய்க்கு மிஞ்சியது எவ்வளவு என்பது பத்து வயதுச் சிறுவனின் முதல் வரவு செலவுக் கணக்காகவும் அமைந்தது.

கண்ணில் படாத நாணயம்

தீவுகளுக்கு இணைய விளையாட்டு தாராளமாக வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். நெடுங்காலம் அந்தமான் நிக்கோபாரின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட அத்திட்டம், தலைநகரோடு ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சின்ன அந்தமான், கார் நிக்கோபார், கமோர்த்தா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றையும் இணைத்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். சென்னையில் உள்ள பாட்டி தீவிலுள்ள பேரனின் முகத்தைத் தடையின்றிப் பார்க்கவும், கிளைக்கு வராமலே பணம் அனுப்பவும் வழி பிறந்தது. விளையாட்டும் அதே வடத்தின் வழியே வந்தது.

இப்போதைய விளையாட்டுகள் பலவற்றில் நாணயத்துளை இல்லை, நாணயம் உண்டு. இலவசமாக இறங்கும் செயலி, சிறிது தூரம் சென்றதும் உயிரும் ஆயுதமும் உடையும் வாங்கச் சொல்லும். ரூபாயை முதலில் ‘மணிகள்’ அல்லது ‘காசுகள்’ என்னும் விளையாட்டுச் செலாவணியாக மாற்றச் சொல்லும். எவ்வளவு செலவாயிற்று என்ற உணர்வு அந்த மாற்றத்திலேயே மங்கிவிடும். துளையில் விழும் ஓசையும் இல்லை, காலியாகும் பையும் இல்லை. தாயின் கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்கும்போது, பை என்பது குடும்பத்தின் சேமிப்புக் கணக்கே ஆகிவிடுகிறது.

பழைய பெட்டியில் இருந்த எல்லையை வீட்டில் நாமே மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். பிள்ளை ஆடும் செயலிக் கணக்கில் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்கவேண்டாம். செயலிக் கடையின் அமைப்பில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று குறித்துவிடலாம். யுபிஐ மறைஎண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பிள்ளைகளுக்கும் சொல்லத்தக்கவை அல்ல. மாதந்தோறும் தானாகப் பிடித்தம் செய்யும் சந்தாக்களுக்கு, பிடித்தத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்னரே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் நீக்கவேண்டாம். ஐயத்துக்குரிய பிடித்தம் தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். மோசடி என்றால் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகள் இவற்றினும் வேறானவை. அவற்றை 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் தடைசெய்துள்ளது.

மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, விளையாட்டுக்குச் செலவிடுவதா சேமிப்பதா என்று அவரையே முடிவுசெய்ய விடும் பெற்றோரும் உண்டு. தெருமுனைக் கடை கற்பித்த கணக்கு அவ்வீடுகளில் தொடர்கிறது.

திரையைத் தாண்டி வந்த ஆமைகள்

நாணயம் போட்டால் உயிர் வரும் என்ற பாடத்துக்குத் திரைக்கு வெளியே ஒரு விளைவு நேர்ந்தது. அதை அறிந்துகொள்ளாமல் இந்த விளையாட்டின் கதை முழுமை பெறாது.

கார்ட்டூனில் நால்வரும் முதலில் செல்லப்பிராணிக் கடையில் விற்கப்பட்ட குட்டி ஆமைகள். சாக்கடைக்குள் விழுந்து விந்தையான ஒரு திரவம் பட்டதால் பேசவும் போரிடவும் கற்றவை. கார்ட்டூனும் விளையாட்டும் பரவிய நாடுகளில், குறிப்பாகப் பிரிட்டனில், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிள்ளைகள் தங்களுக்கும் ஓர் ஆமை வேண்டும் என்று கேட்டார்கள். கடைகளில் கிடைத்தது பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகையைச் சேர்ந்த செஞ்செவி ஆமை. வாங்கும்போது அது பெரிய நாணயம் ஒன்றின் அளவே இருக்கும். சில ஆண்டுகளில் உணவுத்தட்டு அளவுக்கு வளரும், கடிக்கும், தொட்டி நாறும், முப்பது ஆண்டுகள்கூட வாழும். அது பேசவில்லை, பீட்சாவும் கேட்கவில்லை. ஆர்வம் தணிந்த வீடுகள் பல அதை அருகிலிருந்த குளத்தில் விட்டன.

பிரிட்டனில் ‘நிஞ்சா’ என்ற சொல் வன்முறையைத் தூண்டும் என்று கருதித் தொடரின் பெயரில் அதை ‘ஹீரோ’ என மாற்றியே ஒளிபரப்பினார்கள். சொல்லுக்குக் காட்டிய அந்தக் கவனம் ஆமைக்குக் கிட்டவில்லை. பல நாடுகளின் நீர்நிலைகளில் செஞ்செவி ஆமை பெருகி, அங்குள்ள ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. உலகின் மிகக் கேடான நூறு அயல் இனங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இது கடல்கடந்த கதை மட்டும் அன்று. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட செஞ்செவி ஆமைக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். கேரளத்தின் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் அவை காணப்பட்டதை அடுத்து அம்மாநில ஆய்வாளர்கள் எச்சரிக்கை விடுத்தனர். நன்னீர் அரிதாயுள்ள தீவு ஒன்றில் இத்தகைய விருந்தாளி நுழைந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வளர்ப்பவர் எவரேனும் இருந்தால், குளத்தில் விடாமல் வனத்துறையையோ உயிரியல் பூங்காவையோ அணுகுவதே முறை.

தீவின் நால்வர்

இனி, பெயர் சொல்லவேண்டிய மற்ற நால்வர்.

முதலாவது பங்குனி ஆமை. நால்வருள் சிறியது. பங்குனியை ஒட்டிக் கரையேறுவதால் தமிழக மீனவர் இட்ட பெயர் இது. சென்னைக் கடற்கரையிலும் முட்டையிடுவது இதுவே. அந்தமானில் ரங்கத்துக்கு அருகிலுள்ள கத்பர்ட் விரிகுடாவும், வடக்கே திக்லிப்பூரை அடுத்த காலிப்பூர்க் கரையும் இதன் வருகைக்குப் பெயர்பெற்றவை.

இரண்டாவது பேராமை. வளர்ந்தபின் கடற்புல்லையே மேய்ந்து வாழும். மாடு மேய்ந்த புல்வெளி மீண்டும் துளிர்ப்பதுபோல், இது மேய்ந்த கடற்புல் படுகையும் செழிக்கும். அப்படுகையே மீன்குஞ்சுகளின் தொட்டில்.

மூன்றாவது அழுங்காமை. கிளியின் அலகு போன்ற கூரிய வாயால் பவளப்பாறை இடுக்குகளிலுள்ள கடற்பஞ்சுகளைத் தின்னும். இதன் ஓட்டின் அழகே இதற்குப் பகையாயிற்று. சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், அணிகலன் என்று செய்ய உலகெங்கும் இதை வேட்டையாடினார்கள். அந்த ஓட்டைப் பெருமளவில் இறக்குமதி செய்த நாடுகளுள் ஜப்பான் முதன்மையானது. 1990களின் தொடக்கத்தில்தான் அவ்வணிகம் அங்கே நின்றது. திரை ஆமைகளை உலகுக்கு அனுப்பிய நாடு அதே காலத்தில் கடலாமையின் ஓட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது ஏழுவரி ஆமை. ஆமைகளுள் மிகப் பெரியது. 500 கிலோவையும் எட்டக்கூடியது. மற்றவற்றைப் போல் இதற்கு வல்லோடு இல்லை. தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரிமேடுகள் ஓடும். ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கவல்லது; சொறிமீன்களே உணவு. இந்தியாவில் இது முட்டையிடுவது பெரும்பாலும் நிக்கோபார்த் தீவுகளிலும் சின்ன அந்தமானிலும்தான். சின்ன அந்தமானில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய ஆமைகளுள் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை நோக்கியும், சில ஆப்பிரிக்காவை நோக்கியும் சென்றன. ஒன்று ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் கடந்து மொசாம்பிக் கடல்வரை போயிருக்கிறது. சென்னைக்கும் தீவுக்கும் இடையே நாம் இட்ட வடத்தைப்போல் ஐந்து மடங்கு தொலைவுக்கும் மேல்.

இரவில் கரையேறும் தாய் ஆமை மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகள் வரை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறத்தாழ ஐம்பது, அறுபது நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடே அவை ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும். சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். வெளிவந்தவை கடல்மேல் படரும் மங்கிய ஒளியை நோக்கி ஓடும். கரையில் விடுதி விளக்கு எரிந்தால் அதையே கடலென்று எண்ணித் திசைமாறும். நாய், பன்றி, நண்டு, பறவை, மீன் என்று வழியெல்லாம் பகை. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்றும் தாயாகப் பல இனங்களில் இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும்.

வங்கி மொழியில் சொன்னால், முதிர்வுக்காலம் மிக நீண்ட வைப்பு இது. இன்று ஒரு கரையின் முட்டைகள் அழிந்தால், அந்த இழப்பு கணக்கில் தெரிவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும். தெரியும்போது திருத்தக் காலம் இருக்காது. கொனாமியின் பெட்டியில் விழுந்த ஆமைக்குப் பத்து நொடிக்குள் விடை கிடைத்துவிடும். இங்கே கேள்வியே இருபது ஆண்டுகள் கழித்துத்தான் எழும்.

தொடர வேண்டுமா?

அக்கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடுவோர் தீவுகளில் உண்டு. காலிப்பூர், கத்பர்ட் விரிகுடா போன்ற இடங்களில் வனத்துறையினர் இரவுதோறும் கரையில் நடந்து, ஆபத்தான இடத்தில் இடப்பட்ட முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். சின்ன அந்தமானில் ஏழுவரி ஆமைகளைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்களும் உள்ளூர்க் களப்பணியாளர்களும் சேர்ந்து கண்காணித்து வருகின்றனர். காட்டையும் ஓடையையும் கடந்து, முதலை நடமாடும் கழிமுகங்களின் அருகே கூடாரமிட்டுச் செய்யும் பணி அது.

இயற்கையும் தன் பங்குக்குச் சோதித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் சில கரைகள் மேலெழுந்தன; நிக்கோபாரின் கரைகள் தாழ்ந்து கடலுள் மூழ்கின. பெரிய நிக்கோபாரின் காலத்தியா விரிகுடாவில் முட்டையிடும் மணற்பரப்பே கடலுக்குள் போயிற்று. பின்னர் அலைகள் மெல்ல மெல்ல மணலைச் சேர்த்தன. ஆமைகளும் திரும்பி வந்தன. நாம் வழிவிட்டால் அவை வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 2021இல் நடுவண் அரசு வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல்திட்டம் அவ்விரிகுடாவின் சிறப்பைக் குறிக்கிறது. அங்கேயே பெரும் சரக்குமாற்றுத் துறைமுகத் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. கப்பலுக்கும் ஆமைக்கும் ஒரே வாயிலில் எவ்வாறு இடம் அளிப்பது என்பது இப்போது நாட்டின் முன் உள்ள வினா.

பெரிய வினாக்களுக்கு விடை காணும்வரை சிறியவற்றை நாம் கவனிக்கலாம். தீவுகளுக்குச் சுற்றுலா செல்வோர் முட்டையிடும் காலமான குளிர்மாதங்களில் இரவுக் கரையில் கைவிளக்கோ படக்கருவியின் மின்னொளியோ பாய்ச்சவேண்டாம். வனத்துறையின் துணையோடு மட்டும் பாருங்கள். ஆமை ஓட்டில் செய்த பொருள் எதையும் எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். கடலாமைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அவற்றின் வணிகம் சிறைத்தண்டனைக்குரியது. கரையோரம் விடுதி நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் கடலை நோக்கிய விளக்குகளைத் தாழ்த்தி மறைக்கலாம். உணவுக் கழிவை வெளியில் கொட்டி நாய்களைப் பெருக்காமல் இருக்கலாம். வீடு கட்டுவோர் மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்கலாம். கடற்கரை மணலை அள்ளுவது ஆமையின் பேறுகால அறையையே அள்ளுவதாகும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை அந்தப் பழைய விளையாட்டை ஆடினால் தடுக்கவேண்டாம். அருகில் அமர்ந்து ஒரு கைப்பிடியை நீங்களும் ஏந்துங்கள். நால்வர் சேர்ந்து ஆடும்போதுதான் அது சிறக்கும். ஒருவர் சூழப்பட்டால் மற்றவர் ஓடிவந்து காப்பதே அதன் இன்பம். ஆட்டம் முடிந்ததும், நம் கடலிலும் நால்வர் உண்டு என்று தொடங்கிப் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று பெயர் சொல்லுங்கள். நீலப் பட்டையையும் ஊதாப் பட்டையையும் மறவாத பிள்ளை ஏழு வரியையும் மறக்காது.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முதலாவது போதுமானது பெட்டிக்குள் வாழும் ஆமைக்கு. மணலில் பிறக்கும் ஆமைக்கு இரண்டாவதே வேண்டும்: எவரும் பாராத இரவில் விளக்கை அணைப்பதும், மலிவாகக் கிடைத்தாலும் ஓட்டை வாங்காமல் திரும்புவதும் அந்த நாணயத்தில் அடங்கும். வரும் குளிர்காலத்தில் காலிப்பூர் மணலில் மீண்டும் அகன்ற தடங்கள் தோன்றும். அங்கே செல்லும் வாய்ப்புள்ள வாசகர்கள், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று காட்டுவார்களாக.